அரசன் கட்டிய நகலும் மடத்தில் பிறந்த சட்டமும்

தென் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மியூனிக் நகருக்கும் ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் நகருக்கும் இடையே கீம்சே என்றொரு பேரேரி உள்ளது. அதன் பரப்பைக் கண்டு வியந்த அவ்வூர் மக்கள் அதனைப் ‘பவேரியக் கடல்’ என்றே அழைக்கின்றனர். தெற்கே ஆல்ப்ஸ் மலைத் தொடர் நீல மதிலென நிற்கின்றது. சென்ற கோடையில் ஒரு நாள், அவ்வேரியின் நடுவேயுள்ள தீவொன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

மியூனிக் நகர மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலமாகச் செவிலியராகப் பணியாற்றும் நம் சித்தி மகள்தான் நம்மை அழைத்துச் சென்றாள். “அண்ணா, எல்லாரும் அரண்மனையைப் பார்க்கத்தான் வருவார்கள். உங்களுக்கு நான் வேறொன்றையும் காட்டப் போகிறேன்” என்று புறப்படும்போதே கூறினாள். அந்த ‘வேறொன்று’ எது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

மியூனிக்கிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர இரயில் பயணம். பிரீன் என்னும் சிற்றூரில் இறங்கினோம். அங்கிருந்து படகுத்துறை வரை, இரண்டு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவுக்கு, 1887-ஆம் ஆண்டு முதல் ஒரு குட்டி நீராவி இரயில் ஓடி வருகின்றது. அதிலேறிக் கரையை அடைந்து, படகில் அமர்ந்தோம். கால் மணி நேரத்தில் தீவு.

ஏரியில் மூன்று தீவுகள் உண்டு. துறவியர் வாழ்ந்த பெரிய தீவுக்கு ‘ஆண்டகையர் தீவு’ என்று பொருள்படும் பெயர். கன்னியர் மடம் உள்ள சிறிய தீவுக்கு ‘மகளிர் தீவு’ என்று பெயர். இவ்விரு மடத்தாரும் காய்கறி பயிரிட்ட மிகச் சிறிய தீவுக்கு ‘முட்டைக்கோசுத் தீவு’ என்றே பெயர். மகளிர் தீவின் மடம் 782-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் இன்றும் அங்கே செபித்தும் உழைத்தும் வாழ்கின்றனர். பெரிய தீவின் மடத்திற்கோ வேறொரு தலைவிதி வாய்த்தது.

கண்ணாடி மண்டபம்

முதலில் அரண்மனையையே பார்த்தோம். பவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக் 1873-ஆம் ஆண்டில் இத்தீவை விலைக்கு வாங்கினான். மர வணிகர்கள் காட்டை வெட்டி அழிக்கவிருந்த வேளை அது. ஆகவே இன்று நாம் காணும் மரங்களுக்காக அவனுக்கு நன்றி கூறவேண்டும். பின்னர் 1878-இல் அங்கே ஓர் அரண்மனையை எழுப்பத் தொடங்கினான். அது அவன் நாட்டு மரபில் எழுந்த மாளிகையன்று. பிரான்சு மன்னன் பதினான்காம் லூயியின் வெர்சேல்சு அரண்மனையின் நகல்! முகப்பும், நீரூற்றும், புகழ்பெற்ற கண்ணாடி மண்டபமும் அவ்வாறே வரவேண்டும் என்பது அவன் ஆணை. மண்டபம் அசலைவிடச் சற்று நீளமாகவே அமைந்துவிட்டது.

உணவறையில் ஓர் அதிசயத்தைக் காட்டினர். தளத்தின் கீழுள்ள அறையில் உணவு பரிமாறிய மேசையைப் பொறியின் உதவியால் அப்படியே மேலே ஏற்றும் ஏற்பாடு அது. பணியாட்கள் எவர் முகத்திலும் விழிக்காமல் மன்னன் தனியே உண்ணலாம். ஆனால் இத்தனை பொன்னும் கண்ணாடியும் இழைத்த மாளிகையில் அவன் தங்கியது ஏறத்தாழப் பத்தே நாட்கள். 1886-இல் அவன் இறந்தான், வேலை நின்றது. வழிகாட்டி நம்மைக் கடைசியாக அழைத்துச் சென்ற படிக்கட்டில் பூச்சே இல்லை, வெறும் செங்கல். பளிங்கிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் செங்கல்!

கண்ணாடி மண்டபத்தில் நின்றபோது நம் நினைவு அசல் மண்டபத்திற்கு ஓடியது. 1871-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள், தோற்ற பிரான்சின் அந்த மண்டபத்திலேதான் ஜெர்மன் பேரரசு பறைசாற்றப்பட்டது. 1919-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள், அதே மண்டபத்தில், தோற்ற ஜெர்மனி வெர்சேல்சு உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. அது நடந்து ஏழு வாரங்களுக்குள், ஆகஸ்டு 11-ஆம் நாள், ஜெர்மானியரின் முதல் குடியரசுச் சட்டமாகிய வைமார் சட்டம் கையொப்பமானது. அதனை எழுதியவர்கள் ஜெர்மானியரே. எனினும் எதிரிகள் அதை அந்நியச் சரக்கு என்றும், தோல்வியின் குழந்தை என்றும் தூற்றினர். இத்தூற்றலுக்குச் செவிசாய்த்தோர் பலர். பதினான்கு ஆண்டுகளுக்குள் அச்சட்டம் உயிரிழந்தது.

மடத்தின் கதை

அரண்மனையிலிருந்து படகுத்துறைப் பக்கம் திரும்பி நடந்தால், மேட்டின்மீது வெள்ளைச் சுவரும் எளிய முகப்புமாக ஒரு பழங்கட்டடம் நிற்கின்றது. அகுஸ்தீனார் சபைத் துறவியரின் மடமாக இருந்தது அது. அதன் ஆலயம் கீம்சே மறைமாவட்டத்தின் பேராலயமாகவும் விளங்கியது. 1803-ஆம் ஆண்டில் அரசு மடங்களைப் பறிமுதல் செய்தபோது துறவியர் வெளியேற்றப்பட்டனர். பேராலயத்தின் கோபுரங்கள் இடிந்தன. உள்ளே மது காய்ச்சும் ஆலை நடந்தது! இக்கட்டடத்தைத்தான் நம் தங்கை நமக்குக் காட்ட விரும்பினாள். ஏனெனில் 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 முதல் 23 வரை, இன்றைய ஜெர்மனியின் அரசியல் சட்டத்திற்கு முதல் வரைவு இங்கேதான் உருவாயிற்று.

அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். 1945 மே 8-ஆம் நாள் ஜெர்மனி சரணடைந்தது. நகரங்கள் இடிபாடு. நாடு நான்கு வல்லரசுகளின் ஆட்சியில் நான்கு துண்டு. 1948 சூனில் மேற்குப் பகுதியில் புதிய நாணயம் புகுந்தது. சோவியத் படை பெர்லினின் மேற்குப் பகுதிக்குச் செல்லும் வழிகளை அடைத்தது. அந்நகர மக்களுக்கு மாவும் நிலக்கரியும் விமானத்தில் போய்ச் சேர்ந்தன. இந்நிலையில் சூலை முதல் நாள், அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு இராணுவ ஆளுநர்கள் மூவரும் மேற்குப் பகுதியின் பதினொரு மாநிலத் தலைவர்களைப் பிராங்க்பர்ட்டுக்கு அழைத்து ஆவணங்களைக் கையளித்தனர். செப்டம்பர் முதல் நாளுக்குள் அரசியல் நிர்ணய சபை கூட வேண்டும். சட்டம் மக்களாட்சி முறையிலும் கூட்டாட்சி முறையிலும் அமைய வேண்டும். தனிமனிதனின் உரிமைகளைக் காக்க வேண்டும். முடிவில் ஆளுநர்களின் ஒப்புதல் பெறவேண்டும் என்பவை அவற்றின் சாரம்.

வென்றவன் ஆணையிட, தோற்றவன் எழுதும் சட்டம் எப்படித் தன் சட்டமாகும்? இக்கேள்வி அன்று ஒவ்வொரு தலைவரின் நெஞ்சிலும் முள்ளாகத் தைத்தது. சப்பானில் 1946 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகளே ஏறத்தாழ ஒரு வாரத்தில் வரைவை எழுதி முடித்திருந்தனர். ஜெர்மனியில் எழுதுகோல் ஜெர்மானியர் கையில் இருந்தது. ஆனால் வரம்பு பிறர் இட்டது.

மாநிலத் தலைவர்கள் கோப்லென்சில் கூடி ஆலோசித்தனர். கிழக்கிலுள்ள உடன்பிறப்புகள் பங்கு பெறாதபோது, எழுதப்படுவது ‘அரசியலமைப்பு’ என்ற பெயருக்கு உரியதன்று என்று முடிவு செய்தனர். ஆகவே ‘அடிப்படைச் சட்டம்’ என்று அடக்கமான பெயரிட்டனர். அரசியல் நிர்ணய சபை என்பதற்குப் பதிலாகப் ‘பாராளுமன்றக் கவுன்சில்’ என்றனர். மக்கள் வாக்கெடுப்பும் வேண்டாம், மாநில மன்றங்களின் ஒப்புதலே போதும் என்றனர். அமெரிக்க ஆளுநர் கிளே சினந்தார். எனினும் இழுபறிக்குப் பின் இப்பெயர்கள் நிலைத்தன. நிரந்தரம் என்று சொல்லத் துணியாமல் இட்ட அப்பெயர் இன்றளவும் மாறவில்லை என்பது வியப்பே.

மடத்திற்கு வந்தவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் ஹெர்மன் பிரில். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டு, பூகன்வால்டு வதைமுகாமில் விடுதலை நாளைக் கண்டவர். மற்றொருவர் கார்லோ ஷ்மிட். பிரெஞ்சுத் தாய்க்கும் ஜெர்மானியத் தந்தைக்கும் பிரான்சு மண்ணில் பிறந்த சட்ட அறிஞர். இவர்களும் மற்றவர்களும் இரண்டே வாரங்களில் 149 விதிகள் கொண்ட வரைவை எழுதினர். அதன் முதல் விதி, அரசு மனிதனுக்காக இருக்கின்றதேயன்றி மனிதன் அரசுக்காக அல்லன் என்ற கருத்தைக் கூறியது. ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாயிற்று என்ற ஆண்டவரின் திருமொழி கேட்டு வளர்ந்த நமக்கு, மடத்தின் சுவர்களுக்குள் இச்சொற்கள் பிறந்தன என்று அறிந்தபோது மனம் நெகிழ்ந்தது.

ஒரு தேசத்தின் ஆன்மசோதனை

அவர்கள் முன்னிருந்த நூல்கள் பிறநாட்டு நூல்கள் மட்டுமல்ல. தம் நாட்டின் தோல்வியே அவர்கள் ஓதிய தலையாய பாடம். வைமார் சட்டத்தின் 48-ஆம் விதி, நெருக்கடிக் காலத்தில் ஆணைகள் பிறப்பிக்கவும் உரிமைகளை நிறுத்தி வைக்கவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளித்தது. 1933 பிப்ரவரி 28-ஆம் நாள், பாராளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், அவ்விதியைக் கொண்டே பேச்சுரிமையும் எழுத்துரிமையும் பறிக்கப்பட்டன. மார்ச் 23-ஆம் நாள், மன்றத்தைக் கேளாமலே சட்டமியற்றும் அதிகாரம் ஹிட்லருக்கு வழங்கப்பட்டது. அதற்கு ஆதரவாக 444 வாக்குகள், எதிராக 94.

அந்த 94-உம் சமூக சனநாயகக் கட்சியின் வாக்குகள். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தனர். அப்படியானால் கத்தோலிக்கரின் கட்சியாகிய மையக் கட்சி? குருவானவர் ஒருவரே அதற்குத் தலைவர். அக்கட்சியும் ஆதரவாகவே வாக்களித்தது. உள்ளே எதிர்த்தவர்கள் இருந்தும், முடிவில் அனைவரும் இசைந்தனர். திருச்சபைக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் தீங்கு வராது என்ற வாக்குறுதியை அவர்கள் நம்பினர். நான்கு மாதங்களுக்குள் அக்கட்சியே கலைந்து மறைந்தது. இதை எழுதும்போது நம் கை தயங்குகின்றது. ஆயினும் மறைப்பது முறையன்று. நம் வேலி பத்திரமாக இருந்தால் போதும், அயலான் வேலி எரிந்தாலென்ன என்று எண்ணிய கணக்கு அது.

ஆகவே புதிய சட்டம் அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. 1932-இல் தீவிரவாதக் கட்சிகள் இரண்டும் கூடி எந்த அமைச்சரவையையும் கவிழ்க்க இயன்றது. புதியதொன்றை அமைக்க இயலவில்லை. ஆகவே, அடுத்த தலைமை அமைச்சரைத் தேர்ந்தெடுத்துக் காட்டினாலன்றி இருப்பவரை நீக்கலாகாது என்று விதித்தனர். இவ்விதியால் ஆட்சி மாறியது 1982-இல் ஒரே முறைதான். எல்லாவற்றையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மாற்றலாம் என்றிருந்த பழைய நிலையை ஒழித்து, மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி ஆகியவற்றின் அடித்தளத்தை எப்பெரும்பான்மையும் தொடலாகாது என்று 79-ஆம் விதியில் எழுதினர். சட்டங்களையே தள்ளுபடி செய்ய வல்ல நீதிமன்றத்திற்கு அமெரிக்காவின் முன்மாதிரியும் உதவியது. ஆஸ்திரியாவின் அனுபவமும் உதவியது.

பான் நகரில்

வரைவு அங்கிருந்து ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகருக்குச் சென்றது. 1948 செப்டம்பர் முதல் நாள், அறுபத்தைந்து உறுப்பினர் கொண்ட கவுன்சிலின் தொடக்க விழா அந்நகரின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் நடந்தது. வேறு தகுந்த கூடம் கிடைக்காத காலம்! பாடம் செய்யப்பட்ட விலங்குகள் சூழ்ந்த கட்டடத்தில் ஒரு நாட்டின் மறுபிறப்பு நடந்தேறியது. நாசிகளால் கொலோன் நகர மேயர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட கத்தோலிக்கரான அடினாவர் தலைவரானார்.

அறுபத்தைவரில் பெண்கள் நால்வரே. அவர்களுள் எலிசபெத் செல்பெர்ட் என்னும் வழக்கறிஞர், ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர் என்ற ஐந்தாறு சொற்களைச் சட்டத்தில் சேர்க்கக் கோரினார். முதலில் தோற்றார். பின்னர் ஊர் ஊராகச் சென்று பேசினார். பெண்களிடமிருந்து கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1949 சனவரியில் அச்சொற்கள் ஏற்கப்பட்டன. இவற்றை எந்த ஆளுநரும் கட்டளையிடவில்லை.

மார்ச் மாதத்தில் ஆளுநர்கள் தடை எழுப்பினர். மைய அரசுக்கு வரி அதிகாரம் மிகுதி என்றனர். சமூக சனநாயகக் கட்சி இணங்க மறுத்தது. ஏப்ரலில் இரு தரப்பும் விட்டுக்கொடுத்தன. மே 8-ஆம் நாள், சரணடைந்து சரியாக நான்கு ஆண்டுகள் நிறைந்த அந்நாள் முடிவதற்குச் சற்று முன், 53 பேர் ஆதரிக்க, 12 பேர் எதிர்க்க, சட்டம் நிறைவேறியது. வரைவைப் பெற்ற பவேரியாவின் மன்றமோ, மாநில உரிமை போதாது என்று அதனை நிராகரித்தது! எனினும் மற்ற மாநிலங்கள் ஏற்றால் கட்டுப்படுவோம் என்றும் சேர்த்தே தீர்மானித்தது. மே 23-ஆம் நாள் சட்டம் வெளியிடப்பட்டது.

ஏட்டிலிருந்து வீட்டிற்கு

எழுதியதால் மட்டும் சட்டம் வாழ்ந்துவிடுமா? பழைய ஆட்சிக்குத் தொண்டு செய்த நீதிபதிகளும் அதிகாரிகளும் பலர் மீண்டும் அதே நாற்காலிகளில் அமர்ந்தனர். சம உரிமைக்கு முரணான குடும்பச் சட்டங்களை 1953 மார்ச்சுக்குள் திருத்த வேண்டும் என்று சட்டமே கெடு விதித்திருந்தும், திருத்தச் சட்டம் 1957-இல்தான் வந்தது. அதிலும் பிள்ளைகளைக் குறித்துத் தாயும் தந்தையும் முரண்பட்டால் தந்தை சொல்லே முடிவு என்று எழுதியிருந்தது. நம் திருச்சபையினர் பலர் அன்று இதற்குப் பக்கபலமாக நின்றனர். 1959 சூலையில் அரசியல் சட்ட நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. அத்தீர்ப்பளித்த நீதிபதிகளில் எர்னா ஷெஃப்லர் என்ற ஒரே பெண்மணியும் இருந்தார். வீட்டுக் கடமைக்கு இசைவாக இருந்தால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை நீடித்தது.

“நான் பணிவிடை செய்த பாட்டி ஒருத்தி இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், அண்ணா. சட்டம் எங்கள் தெருவுக்கு வந்து சேர முப்பது வருடம் ஆயிற்று என்பாள்” என்றாள் தங்கை.

திரும்பும் படகில், லைப்சிக் நகரத்தைச் சேர்ந்த முதிய தம்பதியர் நம் அருகே அமர்ந்தனர். கிழக்கு ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர்கள். 1989-இல் கையில் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் சென்ற மக்களோடு தாங்களும் நடந்ததைக் கூறினர். மடத்தைப் பற்றி நாம் வியந்து பேசியபோது முதியவர் புன்னகைத்தார். தங்கை மொழிபெயர்த்தாள்: “அரண்மனையில் கீழிருந்து மேலே வரும் மேசையைப் பார்த்தீர்கள் அல்லவா? 1990 அக்டோபர் 3-ஆம் நாள் எங்களுக்கு இந்தச் சட்டம் அப்படித்தான் வந்தது. நல்ல உணவுதான். ஆனால் சமையலறைக்குள் எங்களை யாரும் அழைக்கவில்லை.”

உண்மையே. கிழக்கு மாநிலங்கள் அன்று இச்சட்டத்தின்கீழ் வந்து இணைந்தன. அங்கே மக்கள் பிரதிநிதிகள் வட்ட மேசையில் கூடி எழுதிய வரைவு ஏட்டோடு நின்றது. நாடு ஒன்றானால் புதிய சட்டம் எழுதலாம் என்ற 146-ஆம் விதியும் பயன்படுத்தப்படாமல் கிடக்கின்றது. ஆக, 1949-இல் மேற்கே எழுந்த அதே கேள்வி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கிழக்கே எழுந்தது. அம்மூதாட்டி மட்டும் தலையசைத்து மறுத்தார்: “ஆனாலும் இன்று என்னை அவமதித்தால் வழக்காட எனக்கு ஒரு சொல் இருக்கின்றது. முன்பு அது இல்லை.”

நம் நாட்டிற்கு வந்த விதை

இது நமக்குத் தொலைதூரக் கதையன்று. நம் அரசியல் சட்டமும் பல நாட்டுச் சட்டங்களிலிருந்து எடுத்துக்கொண்டதே. நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்தும் ஏற்பாட்டிற்கு வைமார் சட்டமே முன்மாதிரி என்று சட்ட நூல்கள் கூறுகின்றன. 1975-இல் அதன் கசப்பை நாம் சுவைத்தோம். அதே ஜெர்மனியிலிருந்து மாற்று மருந்தும் வந்தது. 1965-இல் டீட்ரிக் கான்ராட் என்னும் ஜெர்மானியச் சட்ட அறிஞர், திருத்தும் அதிகாரத்திற்கு உள்ளார்ந்த எல்லை உண்டு என்று காசிப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். 1973 ஏப்ரல் 24-ஆம் நாள், காசர்கோட்டு எடனீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றம் அழிக்க இயலாது என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆறு பேர் மாறுபட்டனர். எழுவருள் கான்ராடை எடுத்துக்காட்டியவர் நீதிபதி கன்னா. 1976-இல், நெருக்கடி நிலையில் உயிருக்கும் உரிமை கோர முடியாது என்று நால்வர் தீர்ப்பளித்தபோது, தனியே எதிர்த்து எழுதியவரும் அவரே. அதனால் தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிட்டவில்லை.

ஜெர்மானிய மடமொன்றில் வேர்கொண்ட ஒரு சிந்தனை, இங்கே ஓர் இந்து மடத்துத் தலைவரின் வழக்கில் நின்று, சிறுபான்மையினராகிய நம் வழிபாட்டிற்கும் பள்ளிகளுக்கும் சேர்த்தே காவலாயிற்று. அயல்நாட்டு விதை என்பதற்காக எவரும் அதைப் பிடுங்கி எறியவில்லை. நம் மண்ணில் ஒருவர் அதற்காகத் தம் பதவியை இழந்தார், அது நம்முடையதாயிற்று.

படகு கரையை நெருங்கிற்று. பின்னால் தீவின் மரங்களுக்கு மேல் மாலை வெயில் சாய்ந்திருந்தது. அரண்மனையைக் கட்டியவனுக்கு அயலான் மாளிகையின் முகம் வேண்டியிருந்தது. ஆகவே கண்ணாடி நிறைந்தது, படிக்கட்டு செங்கல்லாய் நின்றது. மடத்தில் கூடியவர்களோ அயலான் இட்ட கட்டளையை ஏற்றுக்கொண்டு, “எங்கே தவறினோம்?” என்று தங்களையே கேட்டார்கள். பாவசங்கீர்த்தனத்திற்கு முன் நாம் செய்யும் ஆன்மசோதனையும் அதுவேயன்றோ? மகளிர் தீவிலிருந்து மாலை மணியோசை தண்ணீரின்மேல் மிதந்து வந்தது. லைப்சிக் முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாமும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு கரையேறினோம்.